சதுரங்கப்பட்டினத்து உப்புக் கரும்பு

தாம்பரத்தில் கண் விழித்தபோது நடத்துநர் என் தலைமாட்டில் நின்றுகொண்டிருந்தார்.

"செங்கல்பட்டுல எறக்கி வுடச் சொன்ன பொண்ணு நீதானேம்மா? டோல்கேட்டாண்ட கத்தினேன், பஸ்ஸே எந்திரிச்சுகிச்சு. நீ மட்டும் தூங்கிகினே கீற!"

இறங்கவேண்டிய ஊரைத் தூக்கத்திலேயே தாண்டியதுதான் இந்தப் பயணத்தில் நான் செய்த முதல் சாதனை. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஓடி, செங்கல்பட்டு போகும் மின்சார ரயிலைப் பிடித்தேன். காலை நேரம், கல்லூரிக் கூட்டம், காலூன்ற இடமில்லை. என் பையிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த இரும்பு ஊசி ஒரு மாணவனின் இடுப்பில் குத்திவிட்டது. திரும்பிப் பார்த்தான்.

"இன்னாக்கா இது, ஆயுதமா?"

"கரும்புல ஓட்டை போடறதுங்க தம்பி. சாறு எடுத்து சர்க்கரை எவ்வளவு இருக்குன்னு பார்ப்போம்."

அவன் பக்கத்தில் நின்றவனைத் தட்டினான். "மச்சான், கரும்புக்கே சுகர் டெஸ்ட் எடுக்கறாங்கடா!"

"ரிப்போர்ட்ல இன்னா வரும்? இருக்குதுன்னுதான் வரும்."

பெட்டியே சிரித்தது. நானும் சிரித்தேன். நாலு வருடம் படித்து, அதற்கு மேல் இரண்டு வருடம் படித்து, நான் செய்யும் வேலையை இவ்வளவு சுருக்கமாக யாரும் சொன்னதில்லை. பொத்தேரியில் அத்தனை பேரும் ஒரே மூச்சில் இறங்கிவிட, பெட்டி திடீரென்று கல்யாணம் முடிந்த மண்டபம் மாதிரி ஆனது. ஜன்னலோர இருக்கையில் கால் நீட்டி உட்கார்ந்துகொண்டேன். செங்கல்பட்டு நெருங்கும்போது ஏரி வந்தது. ரயில் தண்ணீரின் மேல் ஓடுவதுபோலவே இருக்கும் அந்த இடத்தில், ஊரைத் தவறவிட்டதற்காக என்னை நானே மன்னித்துவிட்டேன். டோல்கேட்டிலேயே இறங்கியிருந்தால் இந்த ஏரியைப் பார்த்திருக்க முடியாது.

நான் சத்தியமங்கலத்துக்காரி. எங்கள் ஊரில் வாய்க்காலைத் தாண்டினால் கரும்பு, கரும்பைத் தாண்டினால் வாய்க்கால். ஆளைவிட உயரமாக, அடர்த்தியாக, கேட்பாரில்லாமல் வளரும். அங்கே கரும்பு வளர்வது ஒரு செய்தியே இல்லை. இப்போது கோவைப் பக்கத்தில் கரும்பு ரகங்களைச் சோதிக்கும் ஒரு சின்னக் குழுவில் வேலை பார்க்கிறேன். தண்ணீர் இல்லாமல் எந்த ரகம் தாங்கும், தண்ணீர் தேங்கினால் எது தாங்கும், மண்ணில் உப்பு ஏறினால் எது தாங்கும் என்று பார்ப்பது எங்கள் வேலை. ஒரு வகையில் கரும்பை வதைப்பதற்குத்தான் சம்பளம் வாங்குகிறேன். உப்பு வதைக்குக் கடலோரத்தைவிடத் தோதான இடம் ஏது? போன வருடம் சதுரங்கப்பட்டினத்தில் ஒருவருடைய நிலத்தில் எட்டு ரகங்களை நட்டுவிட்டு வந்தோம். நட்டபோது நான் குழுவில் இல்லை. அறுவடைக்கு முன் பார்த்து மதிப்பிட யார் போவது என்ற பேச்சு வந்ததும், கேள்வி முடிவதற்குள் கையைத் தூக்கிவிட்டேன். கடலைப் பார்த்து மூன்று வருடம் ஆகிறது என்ற உண்மையை யாரிடமும் சொல்லவில்லை.

செங்கல்பட்டு பேருந்து நிலையத்தில் லெமன் சோடா கேட்டேன்.

"சால்ட்டா, ஸ்வீட்டா, மிக்ஸா?"

"மிக்ஸுங்க."

கடைக்காரர் எலுமிச்சையைப் பிழிந்து, ஒரு சிட்டிகை உப்பு, இரண்டு கரண்டி சர்க்கரை போட்டு, சோடாவை மேலிருந்து ஊற்றினார். மாசி வெயில் அப்போதே ஏறத் தொடங்கியிருந்தது. ஒரே மடக்கில் குடித்துவிட்டு இன்னொன்று கேட்டேன். "ஊருக்குப் புதுசா?" என்றார். எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்றேன். "இங்க கீறவன் மோர் குடிப்பான்" என்றார்.

திருக்கழுக்குன்றம் வழியாகப் போகும் பேருந்து. மலைக்கோயில் ஜன்னலில் வந்து, நின்று, போனது. முன் இருக்கையில் ஒரு அம்மா பேத்தியிடம், "அங்க பாரு, கழுகு வந்து சோறு துன்னுட்டுப் போன மலை" என்றார். "இப்ப ஏன் வரதில்ல?" என்றது குழந்தை. அந்த அம்மா கொஞ்சம் யோசித்து, "டயட்ல கீது" என்றார்.

மாமல்லபுரத்தில் இறங்கி, கடற்கரைச் சாலையில் மூன்றாவது கரும்பு ஜூஸ் கடை என்று சொல்லியிருந்தார்கள். விசாரிக்க அவசியம் ஏற்படவில்லை. பச்சை முக்காட்டை இறுக்கிக்கொண்டு, லாரியிலிருந்து இறங்கிய கரும்புக் கட்டு ஒன்றை நடு ரோட்டில் அவிழ்த்து, ஒவ்வொரு கரும்பாக எடுத்து மோந்து பார்த்துக்கொண்டிருந்தவர்தான் எங்களுக்கு நிலம் கொடுத்த ஷகீலா அக்காவாக இருக்க வேண்டும்.

"கோயம்புத்தூரா? வா பாப்பா, வா. நாஸ்தா பண்ணியா? ஏழுமலை, பாப்பாவுக்கு ஒரு கிளாஸ் குடு. இந்த லாரிக்காரன் பேஜார் பாரு. விழுப்புரத்தாண்டேர்ந்து வரதுக்குள்ள பாதிக் கரும்பு காய்ஞ்சு பூடுது. லீவு நாளுன்னா வண்டியே வராது. லீவுலதான் எனக்கு வியாபாரமே!"

அக்காவுக்கு இந்தக் கடற்கரையில் கோவளத்திலிருந்து மாமல்லபுரம் வரை மூன்று ஜூஸ் கடைகள். மிஷினில் நிற்கும் ஏழுமலையைப் பார்த்துக்கொண்டே ஒரு மணி நேரம் உட்கார்ந்திருக்கலாம். நெட்டையான கரும்பை உருளைகளுக்குள் விடுவார். அந்தப் பக்கம் நசுங்கி வருவதைப் பிடித்து மடிப்பார். மடிப்புக்குள் ஒரு துண்டு இஞ்சியும் பாதி எலுமிச்சையும் போய் உட்காரும். மறுபடி உள்ளே விடுவார். இதற்குள் அவர் வாய் எதிரில் போகும் வெள்ளைக்காரரைக் கூப்பிட்டுக்கொண்டிருக்கும், கண் மீதிச் சில்லறையில் இருக்கும். கை மட்டும் தனி ஆள்.

அக்காவுக்கு ஏன் இந்தச் சோதனை வயல் முக்கியம் என்பது அன்று சாயங்காலம் கோவளத்தில் அவர் வீட்டில் சாப்பிடும்போது தெரிந்தது. இறால் தொக்கும் சூடான சோறும். நான் மூன்றாவது முறை தொக்கு போட்டுக்கொள்ளும்போது அக்கா சொன்னார்:

"நல்லா துன்னு. என் நெலத்துல இதத்தான் வளக்கணும்னு சொல்றாரு என் கொழுந்தன்."

நிலம் அக்காவின் கணவருக்கும் அவர் தம்பி அன்வருக்கும் பொது. கணவர் துபாயில் இருக்கிறார். 'நீங்க ரெண்டு பேரும் பேசி முடிவு பண்ணுங்க' என்று சொல்லிவிட்டார். அன்வர் செங்கல்பட்டில் செல்போன் கடை வைத்திருப்பவர். கடலோரக் கால்வாயின் உப்புத் தண்ணீர் ஏறி ஏறி உவர் பூத்துப்போன நிலத்தில் இனி எதுவும் விளையாது, இறால் பண்ணைக்காரருக்குக் குத்தகைக்கு விடலாம் என்பது அவர் கட்சி. சொந்தக் கரும்பு இருந்தால் லாரிக்காரனுக்குக் காத்திருக்கத் தேவையில்லை என்பது அக்காவின் கட்சி. கடைகளுக்கு ஆகிறமாதிரி ஒரே ஒரு ரகம் தேறினால்கூட நிலம் கரும்புக்கு, இல்லாவிட்டால் இறாலுக்கு என்று போன வருடம் இருவரும் பேசிவைத்திருக்கிறார்கள். குளம் வெட்டி உப்புத் தண்ணீரைத் தேக்கிவிட்டால் அப்புறம் அந்த மண்ணில் கரும்பை நினைத்தே பார்க்க முடியாது.

"ஞாயித்துக்கிழம சாயங்காலம் பண்ணைக்காரர இட்டுகினு வராரு. அதுக்குள்ள நீ சொல்லிடு, எது தேறிச்சுன்னு."

"நான் சொன்னா அவர் கேட்பாருங்களா, அக்கா?"

"நீ சொன்னா கேக்க மாட்டாரு. கரும்பு சொன்னா கேப்பாரு. வாக்கு தவற மாட்டாரு, அது ஒண்ணு கீது அவராண்ட." தொக்குச் சட்டியை என் பக்கம் தள்ளினார். "எனக்கு இறால் மேல ஒரு கோவமும் இல்ல பாப்பா. சட்டியில இருந்தா சரி."

சனிக்கிழமை காலை பேருந்தில் சதுரங்கப்பட்டினம் போனோம். டச்சுக்காரர்களின் கோட்டை வழியில் இருந்தது. உள்ளே போய்ப் பார்க்கலாமா என்றேன். "கல்லு எங்கயும் போவாது, கரும்பு காயும்" என்று அக்கா விறுவிறுவென்று நடந்தார். கோட்டைச் சுவரில் ஆடு ஒன்று நின்று எங்களைப் பார்த்தது. அவ்வளவுதான் எனக்குக் கிடைத்த டச்சு வரலாறு.

வயலை முதலில் பார்த்ததும் எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. எங்கள் ஊர்க் கரும்புக் காட்டுக்குள் ஆள் தொலைந்துபோகலாம். இங்கே கோழி தொலைந்துபோவதே கடினம். கால்வாய்ப் பக்கம் மண்மேல் மாவு தூவியது மாதிரி வெள்ளை. அங்கே நட்ட கரணைகளில், அதாவது கணுத் துண்டுகளில், பாதி முளைக்கவே இல்லை. முளைத்தவற்றில் ஊரெல்லாம் பேர் வாங்கிய ஒரு ரகம் முழங்கால் உயரத்தில், இலை நுனியெல்லாம் கருகி, யாரோ கொளுத்திவிட்டு மனம் மாறி அணைத்தது மாதிரி நின்றது. ஒவ்வொரு வரிசையாகத் தூர்களைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே போனேன். ஒன்று தேறாது. இன்னொன்று தேறாது. அக்கா பின்னாலேயே வந்துகொண்டிருந்தார்.

கடைசியில் இரண்டு ரகங்கள் நின்றன. நீல நாடா கட்டியது ஒன்று. நாணல் மாதிரி ஒல்லி, ஆனால் கருகல் இல்லை. மற்றது மஞ்சள் நாடா. பத்து பதினைந்து தூர்தான் பிழைத்திருந்தது, ஆனால் பிழைத்தவை என்னமாய்ப் பிழைத்திருந்தன! தடித்த கணுக்கள், கரும்பச்சைத் தோகை, வெயிலில் ஊதா மினுக்கம். கால்வாயை ஒட்டிய வெள்ளை மண்ணில், 'யாருக்கு வந்த விருந்தோ' என்று நின்றது.

இரும்பு ஊசியால் தண்டில் குத்தி, ஒரு சொட்டுச் சாற்றை, சர்க்கரை அளவு பார்க்கும் பிரிக்ஸ் மீட்டரின் கண்ணாடியில் விட்டு, சூரியனைப் பார்த்துப் பிடித்தேன். உள்ளே நிழலும் வெளிச்சமும் சேரும் கோடு இருபதில் ஏறி நின்றது. துடைத்துவிட்டு வேறு தண்டில் பார்த்தேன். அதே இருபது.

"அக்கா! இருபதுங்க்கா! எங்க ஊர்ல கூட இப்படி ஏறாதுங்க்கா!" என்று வரப்பில் குதித்தேன். வரப்பு சரிந்து என் ஒரு கால் கால்வாய்ச் சேற்றில் முட்டிவரை போனது. அக்கா என்னை இழுத்துவிட்டு, அவரும் குதிக்காத குறையாகச் சிரித்தார். இழுத்த கையோடு ஒரு தண்டை ஒடித்து ஆளுக்குப் பாதியாகக் கடித்தோம்.

நான் மெல்லுவதை நிறுத்தினேன். அக்காவும் நிறுத்தினார். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

"கரிக்குது" என்றார் அக்கா.

கரித்தது. இனிப்பு இருந்தது, நன்றாகவே இருந்தது. அதன் பின்னாலேயே, நாக்கின் ஓரங்களில், கடலில் குளித்துவிட்டு உதட்டை நக்கினால் வருமே, அந்த உப்பு. பிரிக்ஸ் மீட்டர் கரைந்திருப்பதை எல்லாம் சேர்த்துத்தான் காட்டும், சர்க்கரை வேறு உப்பு வேறு என்று பிரிக்கத் தெரியாது. பரீட்சையில் இதை எழுதி மதிப்பெண் வாங்கியவள் நான். சந்தோஷத்தில் மறந்துவிட்டேன். பிழைத்த ரகம் உப்பைத் தடுத்துப் பிழைக்கவில்லை. உள்ளே வாங்கி வைத்துக்கொண்டு பிழைத்திருக்கிறது. இந்தச் சாறு சர்க்கரை ஆலைக்கு ஆகாது, உப்பு சேர்ந்தால் சர்க்கரை மணி கட்டாது. வெல்லம் காய்ச்சினாலும் அச்சில் நிற்காமல் இளகிவிடும்.

"ஜூஸுக்கு?" என்றார் அக்கா.

"நீலத்தையும் பார்ப்போமுங்க்கா" என்றேன். நீலத்தில் உப்பு இல்லை. ஆனால் கடித்ததும் பல் கூசியது, விறகைக் கடித்த மாதிரி.

அக்கா வரப்பில் உட்கார்ந்து முக்காட்டு நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பத்து நிமிடம் முன்பு என்னைச் சேற்றிலிருந்து தூக்கியவர் இப்போது மண்ணைக் கிள்ளிக் கிள்ளிப் போட்டுக்கொண்டிருந்தார். எனக்குத் தாங்கவில்லை.

"அக்கா, நாம ரெண்டு பேர் நாக்கை வெச்சு முடிவு பண்ணக் கூடாதுங்க. நாளைக்கு ஞாயித்துக்கிழமை. கடையில கூட்டம் வரும். லாரிக் கரும்பு, நீலம், மஞ்சள், மூணையும் பிழிஞ்சு, எது எதுன்னு சொல்லாம குடுத்துப் பார்க்கலாமுங்க. குடிக்கிறவங்க சொல்லட்டும்."

"ஓசியிலயா?"

"ஓசியிலதானுங்க."

"ஓசின்னா விஷத்தையும் நல்லா கீதுன்னுதான் சொல்லுவானுங்க" என்று முனகியபடியே எழுந்து அரிவாளை எடுத்தார்.

நீலத்தில் ஒரு கட்டு, மஞ்சளில் ஒரு சின்னக் கட்டு. மஞ்சளில் அதற்கு மேல் வெட்ட மனசு வரவில்லை. இரண்டையும் ஏற்றப் பேருந்தில் விடவில்லை. ஷேர் ஆட்டோ ஒன்று கிடைத்தது. கரும்பு இரண்டு பக்கமும் வெளியே நீட்டிக்கொண்டிருக்க, நடுவில் நாங்கள் இருவரும், கூடை நிறைய சங்கராவோடு ஒரு மீன்காரம்மாவும். எதிரில் பைக்கில் வந்தவர்களெல்லாம் வளைந்து குனிந்து போனார்கள்.

"அண்ணாத்த, கைய நீட்டிகினு ஓட்டறியா, கரும்ப நீட்டிகினு ஓட்டறியா?" என்று ஒருவர் கத்தினார்.

"இண்டிகேட்டர் ரிப்பேர் நைனா, அதான் கரும்பு!" என்று ஓட்டுநர் பதிலுக்குக் கத்தினார். மீன்காரம்மா ஒரு தோகையைக் கிள்ளி விசிறிக்கொண்டே வந்தார்.

ஞாயிற்றுக்கிழமை. காலையில் அக்கா வீட்டில் ஆப்பமும் பாயாவும். கவலையிலும் நான் ஆறு ஆப்பம் சாப்பிட்டேன் என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

கடையில் ஒரு மேசை போட்டேன். சிவப்பு மூடி லாரிக் கரும்பு, நீல மூடி, மஞ்சள் மூடி என்று மூன்று ஜாடிகள். ஏழுமலையிடம் நூறு முறை சொன்னேன்: "அண்ணா, வெறும் சாறுங்க. இஞ்சி வேண்டாம், எலுமிச்சை வேண்டாம். கரும்பு ருசி மட்டும்தான் தெரியோணும்."

"புரியுது மேடம். சாமிக்குப் படைக்கிற மாதிரி. வெறுங்கரும்பு."

நீலத்தை மிஷினில் விட்டதும் உருளைகள் முக்கின. மோட்டார் ஊளையிட்டது. இரண்டு முழு நீளக் கரும்புக்கு அரை டம்ளர்தான் வந்தது. ஏழுமலை சக்கையை எடுத்துத் தட்டிப் பார்த்தார். "இத்த வெச்சு கட்டில் செய்யலாம் மேடம்" என்றார். நீலம் போட்டியிலிருந்து விலகியது.

மஞ்சளுக்கு நல்ல சாறு. ஜாடி நிறைய. சுற்றுலா வந்த ஒரு ஆந்திரக் குடும்பத்துக்கு முதலில் கொடுத்தோம். அப்பா குடித்துவிட்டு மரியாதையாகத் தலையாட்டினார். அம்மா பாதியில் வைத்துவிட்டார். அவர்கள் மகள் சுற்றி வளைக்கவில்லை. தெலுங்கில் அவள் சொன்னதை ஏழுமலை எனக்கு மொழிபெயர்த்தார்: "யாரோ இதுல அழுதுட்டாங்களாம்."

அடுத்து வந்த இளம் ஜோடியில் ஒருவர், "டம்ளர கடல் தண்ணியில கழுவினீங்களா?" என்று கேட்டார். புல்லட் ஓட்டிவந்த நால்வர் சிவப்பு மூடிக்கு ஓட்டுப்போட்டார்கள். பிறகு வந்தவர்களும் சிவப்புதான். மதியத்துக்குள் எனக்கு விடை தெரிந்துவிட்டது. அக்கா டம்ளர்களைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டே இருந்தார், ஒரு தடவைகூட என்னிடம் எண்ணிக்கை கேட்கவில்லை. "போதும் பாப்பா, வெயில்ல நிக்காத" என்று மட்டும் சொன்னார்.

நான் மேசையை மடக்க எழுந்தபோதுதான் அந்தச் சுற்றுலாப் பேருந்துகள் வந்தன. ஒன்றன்பின் ஒன்றாக மூன்று. கதவு திறந்ததும் தாகத்தில் இருந்த ஒரு கூட்டமே கடைமேல் கவிழ்ந்தது. "அண்ணா நாலு!" "இங்க ஆறு!" "சார், ஐஸ் கம்மியா!" லாரிக் கரும்பு சீக்கிரமே தீர்ந்துபோனது. ஏழுமலை கைக்கெட்டிய தூரத்தில் சாய்த்து வைத்திருந்தது மஞ்சள் நாடாக் கட்டு. உருவினார். மிஷினில் விட்டார். மடித்தார்.

"அண்ணா, வேண்டாமுங்க!" என்று நான் கத்துவதற்குள் மடிப்புக்குள் இஞ்சியும் எலுமிச்சையும் போய்விட்டன. அடுத்த கரும்பு. அடுத்த எலுமிச்சை. அவர் வாய் கூட்டத்திடம் பேசிக்கொண்டிருந்தது, கண் சில்லறையில் இருந்தது.

"ஏழுமலை!" என்று அக்கா அதட்டினார்.

அவர் திடுக்கிட்டுத் தன் கையைப் பார்த்தார், வேறொருவர் கையைப் பார்ப்பதுபோல. "ஐயையோ. நான் போடல மேடம். கை போட்டுடுச்சு."

திருப்பி வாங்க முடியுமா? டம்ளர்கள் கூட்டத்துக்குள் போய்விட்டன. யாராவது கத்தப்போகிறார்கள் என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

"அண்ணா, இன்னும் மூணு."

கண்ணைத் திறந்தேன். பெரிய மீசை வைத்த ஒருவர் டம்ளரை நீட்டிக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் அவர் பேருந்துக்காரர்கள். "ரெண்டாவது ரவுண்டு குடுங்கப்பா." "இன்னா மசாலா போட்ட இதுல?" "சோக்கா கீது, வெயிலுக்கு."

நான் ஏழுமலையின் கையிலிருந்த டம்ளரைப் பிடுங்கிக் குடித்தேன். இனிப்பு, புளிப்பு, இஞ்சிக் காரம், எல்லாவற்றுக்கும் அடியில் அந்த உப்பு. இப்போது அது குறை சொல்லவே இல்லை. எல்லாவற்றையும் கையைப் பிடித்து ஒன்றாக உட்கார வைத்திருந்தது. இதை எங்கேயோ குடித்திருக்கிறேனே. எங்கே? வெள்ளிக்கிழமை காலை, செங்கல்பட்டு பேருந்து நிலையம், இரண்டாவது டம்ளர்.

"மிக்ஸுங்க்கா!" என்று கத்தினேன். "இது மிக்ஸு! சால்ட்டும் ஸ்வீட்டும்! நாம உப்புப் போட வேண்டாம், கரும்பே போட்டுக்கிட்டு வருதுங்க்கா!"

அக்கா ஒரு வாய் குடித்தார். இன்னொரு வாய். மீதியை முழுவதும் குடித்துவிட்டு டம்ளரைக் கவிழ்த்தார். மூன்று நாளில் அக்கா ஜூஸ் குடித்து அப்போதுதான் பார்த்தேன்.

ஆராய்ச்சி என்றால் ஒரு தடவை நடந்ததை நம்பக் கூடாது. மீண்டும் மேசையைப் போட்டேன். லாரிக் கரும்பு இன்னொரு கடையிலிருந்து வந்தது. இரண்டிலும் ஒரே அளவு இஞ்சி, ஒரே அளவு எலுமிச்சை. சிவப்பு மூடி, மஞ்சள் மூடி. இந்தத் தடவை ஓசி கிடையாது என்று அக்கா சொல்லிவிட்டார். ஒரு வாய் இரண்டையும் ருசி பார்க்கலாம், பிடித்ததைக் காசு கொடுத்து வாங்க வேண்டும். வெயில் சாயும்வரை மஞ்சள் ஜாடி காலியாகிக்கொண்டே இருந்தது. சிவப்பு ஜாடியில் ஈ உட்கார்ந்தது. காலையில் கடல் தண்ணியா என்று கேட்ட அதே ஜோடி திரும்பி வந்து, அதே ரகம் என்று தெரியாமல், ஆளுக்கு இரண்டு டம்ளர் குடித்துவிட்டுப் போனது. நான் சொல்லவில்லை.

வெயில் இறங்கிய நேரத்தில் அன்வர் பைக்கில் வந்து இறங்கினார். சிரித்த முகம். ஒல்லி. ஹெல்மெட்டைக் கழற்றும்போதே பேசத் தொடங்கிவிட்டார்.

"அண்ணி, பண்ணைக்காரர் சதுரங்கப்பட்டினத்துல நிக்கிறாரு, போலாமா? இதுதான் கரும்பு டாக்டரா? இன்னா மேடம், எதுனா தேறிச்சா?"

"மொதல்ல உக்காருங்க" என்றார் அக்கா. "ஏழுமலை, ஒரு கிளாஸ் குடு."

எந்த ஜாடி என்று ஏழுமலை கேட்கவில்லை. அன்வர் நின்றுகொண்டே குடித்தார். பாதியில் நிறுத்தி டம்ளரை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். மீதியையும் குடித்தார்.

"உப்பு போட ஆரம்பிச்சுட்டீங்களா? செமையா கீது அண்ணி. இத்த முன்னாடியே போட்டிருக்கலாம்."

"நாங்க போடல."

"அப்ப யாரு போட்டது?"

"ஒங்க நெலம்" என்றார் அக்கா.

அன்வர் என்னைப் பார்த்தார். நான் கட்டிலிருந்து ஒரு துண்டு ஒடித்துக் கொடுத்தேன். கடித்தார். முகம் சுளித்தார். மறுபடி கடித்தார். ஆலைக்கு ஆகாது, வெல்லத்துக்கு ஆகாது, வெறும் சாறாகக் குடிக்கவும் ஆகாது என்று எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னேன். வெள்ளை மண்ணில் தழைத்த ரகம் இது ஒன்றுதான் என்றும் சொன்னேன்.

"இஞ்சியும் எலுமிச்சையும் இல்லன்னா ஆகாது. அப்டித்தானே?"

"ஆமாங்க."

"இஞ்சி எலுமிச்சை இல்லாத ஜூஸ் கடை எங்க கீது, மேடம்?" என்றார் ஏழுமலை, மிஷினைத் துடைத்தபடி. தன் கை செய்த வேலையில் அவருக்கு இப்போது நல்ல பெருமை.

அன்வர் மீதித் துண்டையும் வாயில் போட்டுக்கொண்டார். அவர் செல்போன் அடித்தது. திரையைப் பார்த்தார். பண்ணைக்காரராகத்தான் இருக்க வேண்டும். எடுக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு, இன்னொரு கையால் டம்ளரை நீட்டினார்.

"இன்னொரு கிளாஸ் குடு ஏழுமலை."

ஜாடி காலி. ஏழுமலை கட்டுப் பக்கம் கையை நீட்டினார். மஞ்சள் நாடாவில் நாலைந்து கரும்புதான் மிச்சம். அக்கா எட்டி அவர் மணிக்கட்டைப் பிடித்தார்.

"கை வெக்காத. அது வெதைக்கு."

"அண்ணி, ஒரே ஒரு கிளாஸ்..."

"ஒரு கரும்புல எத்தினி கணு கீது தெரியுமா? ஒவ்வொரு கணுவும் ஒரு செடி. குடிச்சுட்டு இன்னாத்த நடுவீங்க?"

செல்போன் அடித்துக்கொண்டே இருந்தது. அன்வர் அக்காவைப் பார்த்தார், கரும்பைப் பார்த்தார், காலி டம்ளரைப் பார்த்தார். பிறகு போனைக் காதில் வைத்தார்.

"ஆங், பாய், கடையாண்டதான் கீறேன். இல்ல பாய், இன்னிக்கு இல்ல." சற்று நிறுத்தினார். "நெலத்துல கரும்பு கீது பாய்."

போனைப் பையில் போட்டுவிட்டு, ஒரு கட்டுக் கயிறு கேட்டார். மிச்சக் கரும்பைத் தானே பைக்கின் பக்கவாட்டில் வைத்துக் கட்டினார், கணு எதுவும் நசுங்காமல் துணி சுற்றி. விடிந்ததும் சதுரங்கப்பட்டினம் போய் மீதித் தூர்களையும் வெட்டி, கரணை போட்டு, வெள்ளை மண்ணிலேயே நடுவது என்று இருவரும் பேசிக்கொண்டார்கள். ஊருக்குப் போகும் டிக்கெட்டை நான் அப்போதே மறந்துவிட்டேன்.

மேசை முன் அந்த மீசைக்காரர் மறுபடி வந்து நின்றார். பேருந்து புறப்படுவதற்குள் இன்னொன்று வேண்டுமாம்.

"தீந்து பூடுச்சு சார்" என்றார் அக்கா. நான் வந்ததிலிருந்து அவர் ஒரு வாடிக்கையாளரை இவ்வளவு சந்தோஷமாகத் திருப்பி அனுப்பி நான் பார்த்ததில்லை. "அடுத்த வருசம் வாங்க."